ஆசிரியர் கையில் ஐந்நூறு ரூபாய் - ஒரு சிறு மானியத்தின் வரலாறு

ஒரு வகுப்பறை இயங்கக் கட்டடமும் பாடநூலும் மட்டும் போதாது. அட்டை, வண்ணத்தாள், பசை, மணிச்சட்டம், வரைபடம் என்று சின்னச் சின்னப் பொருட்கள் தினமும் தேவைப்படுகின்றன. இவற்றுக்கு யார் பணம் தருவது? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

தேர்வுக்கேற்ற மானியம்

1854ஆம் ஆண்டின் உட்ஸ் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கும் முறைக்கு வழி வகுத்தது. சென்னை மாகாணத்தில் 1860களில் இது 'தேர்ச்சி மானியம்' என்ற வடிவம் பெற்றது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் மாணவர்களைச் சோதிப்பார். தேறிய மாணவர்களின் எண்ணிக்கைக்கேற்ப பணம் கிடைக்கும். கிராமத்துத் திண்ணைப் பள்ளிகள் பல இதனால் அரசின் கண்காணிப்புக்குள் வந்தன. ஆனால் மனப்பாடமே கல்வி என்றாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது. வகுப்பறைக்கு என்ன தேவை என்று ஆசிரியரிடம் கேட்கும் வழக்கம் அன்று இருக்கவில்லை.

ஊர் கொடுத்த பொருள்

விடுதலைக்குப் பின் தமிழகம் வேறொரு வழியைக் கண்டது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கப்பட்டது. பள்ளிக்குத் தேவையானவை பட்டியலாக எழுதப்பட்டன. ஊர் மக்கள் பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என்று தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். மதிய உணவும் முதலில் ஊராரின் நன்கொடையால் தொடங்கிப் பின்னர் அரசு உதவி பெற்றதே. ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. கொடுக்க வசதியுள்ள ஊர்ப் பள்ளிக்கு நிறையக் கிடைக்கும். வறண்ட ஊர்ப் பள்ளிக்கு அவ்வளவு கிடைக்காது.

பெட்டியில் வந்த உபகரணம்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் 'கரும்பலகைத் திட்டம்' வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், கற்பித்தல் பொருட்கள் என்பது இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் மேலிடத்தில் முடிவு செய்த பொருட்களே எல்லாப் பள்ளிகளுக்கும் போயின. பயன்படுத்தும் பயிற்சியும் போதவில்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சத்தால் பல இடங்களில் அவை பீரோவிலேயே பூட்டிக் கிடந்தன.

ஐந்நூறு ரூபாய்

இந்த அனுபவத்துக்குப் பிறகு வந்ததுதான் ஆசிரியர் மானியம். 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில் ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாயும், ஒரு பள்ளிக்கு 2,000 ரூபாயும் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் தர்மபுரி, திருவண்ணாமலை போன்ற மாவட்டங்கள் இதில் இடம்பெற்றன. 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் இதே 500 ரூபாயை நாடு முழுவதற்கும் விரித்தது.

தொகை சிறிது. ஆனால் அதன் பொருள் பெரிது! எதை வாங்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை முதன்முறையாக வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு வந்தது. எழுத்து அட்டைகள், முகமூடிகள், பொம்மைகள், கணக்குக்கு விதைகள், குச்சிகள் என அவரவர் வகுப்புக்கேற்ற துணைக்கருவிகள் உருவாயின.

சிக்கல்களும் இல்லாமல் இல்லை. வாங்கியதற்கு ரசீது, இருப்புப் பதிவேடு, பயன்பாட்டுச் சான்று எல்லாம் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் காலதாமதம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். பள்ளி ஜூனில் திறக்கும். பணமோ பல மாநிலங்களில் ஆண்டின் பிற்பாதியில்தான் வந்து சேர்ந்தது. 2009 முதல் நடந்த 'பைசா' ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டின. தேர்வு நெருங்கும்போது வரும் பணத்தை அவசரமாகச் செலவழித்துக் கணக்கை முடிப்பதே வேலையாகிவிடும். விலைவாசி ஏறியும் 500 ரூபாய் 500 ரூபாயாகவே நின்றது.

பின்னர் நடந்தது

2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபோது, மாணவர் எண்ணிக்கைக்கேற்ப 25,000 ரூபாய் முதல் 1 லட்சம் வரை பள்ளிக்கான தொகுப்பு மானியம் அறிவிக்கப்பட்டது. தொகை கூடியது. ஆனால் அது பள்ளியின் பொதுப்பணம். குழாய் பழுது, மின்கட்டணம், தூய்மைப் பணி எல்லாம் அதே பணத்துக்குப் போட்டியிடும். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமோ, 1958இன் ஊர் நன்கொடையை இணையவழியில் மீண்டும் கொண்டு வந்தது எனலாம்.

தேர்ச்சி மானியம் ஆசிரியரைச் சந்தேகித்தது. கரும்பலகைத் திட்டம் அவரைக் கேட்காமல் கொடுத்தது. ஐந்நூறு ரூபாய் மானியம் அவரை நம்பியது. பள்ளிக்குப் பெரிய தொகை வரட்டும். அதில் ஒரு சிறு பங்காவது ஆசிரியர் தாமே முடிவு செய்து செலவழிக்கும்படி, அதுவும் ஜூன் மாதத்திலேயே, அவர் கைக்கு வந்தால் பயன் பெறுபவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே.