ஓடிப்போன தந்தையின் கையெழுத்து

மனைவியின் முதல் மணத்துக் குழந்தையைத் தோளில் தூக்கி வளர்த்த ஆண்கள் எந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களைத் தந்தை என்று ஏற்கத்தான் சட்டம் தயங்கியது.

இத்தனைக்கும் பழைய நூல்களில் அவர்களுக்கு ஓரளவு இடம் இருந்தது. மனு பன்னிரண்டு வகை மகன்களைச் சொல்கிறார். ஒருத்தி கன்னியாக இருக்கையில் பெற்ற மகனும், கருவுற்ற நிலையில் மணமானவளின் மகனும் அவளை மணந்தவனுக்கே மகன்கள் என்கிறார். பின்னால் வந்த நூலாசிரியர்கள் கலியுகத்துக்கு ஆகாதென்று இவற்றை ஒதுக்கிவிட்டு, பெற்ற மகன், தத்து மகன் என்ற இரண்டோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார்கள். தத்துக் கொடுக்கும் முதல் உரிமை பெற்ற தந்தையிடம் நின்றது.

1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம் பெண்ணுக்கு இன்னொரு வாழ்க்கைக்கு வழி திறந்தது. ஆனால் அவள் மறுமணம் செய்துகொண்டால், குழந்தைக்கு வேறு காப்பாளரை நியமிக்கும்படி இறந்த கணவரின் உறவினர்கள் நீதிமன்றம் போகலாம் என்றும் அதே சட்டம் சொன்னது.

நூறு ஆண்டு கழித்து, 1956இல் இந்து தத்தெடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி, தந்தை உயிரோடிருந்தால் தத்துக் கொடுக்கும் உரிமை அவருக்குத்தான் இருந்தது. அவர் முற்றுமாகத் துறவு பூண்டிருந்தாலோ, இந்துவாக இல்லாமற்போனாலோ, மனநலம் குன்றியவர் என நீதிமன்றம் அறிவித்திருந்தாலோ தாய் கொடுக்கலாம். குடும்பத்தைக் கைவிட்டுப் போனவர் இந்தப் பட்டியலில் இல்லை! ஏழு ஆண்டு தகவலே இல்லையென்றால் இறந்தவராகக் கருத சாட்சியச் சட்டம் இடம் தந்தது. ஆண்டுக்கொரு முறை தலைகாட்டிவிட்டுப் போகிறவரை என்ன செய்வது?

குழந்தைக்குக் காப்பாளராகும் உரிமையில் நீதிமன்றங்கள் கொஞ்சம் முந்திக்கொண்டன. இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்து மகளைக் கவனிக்காத தந்தை உயிரோடிருந்தும், தாயே இயற்கைக் காப்பாளர் என்று 1970இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் அது இன்னும் தெளிவானது. தத்துக் கொடுப்பதில் தாய்க்குச் சம உரிமை கிடைக்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் மற்றவரின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை நீடித்தது.

2017இன் தத்தெடுப்பு விதிமுறைகள் மாற்றாந்தந்தையோ மாற்றாந்தாயோ தத்தெடுக்கத் தனி வழி வகுத்தன. அதிலும் பெற்றவரின் சம்மதப் பத்திரம் வேண்டும். குழந்தை யார் பொறுப்பில் இருப்பது என்று வழக்கு நடந்தால் அது முடியும்வரை பொறுக்க வேண்டும். ஆவணங்களில் பெயர் எழுதுவதிலும் இதே தயக்கம்தான்: கணவரை இழந்து மறுமணம் செய்த ஒரு தாயின் வழக்கில், இரண்டாவது கணவரை ஆவணங்களில் 'மாற்றாந்தந்தை' என்றே குறிக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தையின் மனத்தை எண்ணிப் பாராத உத்தரவு என 2022இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், குழந்தையின் பொறுப்பு தாயிடம் இருக்கையில், வசதியிருந்தும் ஓராண்டு வேண்டுமென்றே தொடர்பும் வைக்காமல் செலவுக்கும் கொடுக்காத தந்தையின் சம்மதம் இல்லாமலே தத்தெடுப்பு நடக்கலாம். துறவிக்கு 1956இல் விலக்கு எழுதிய நம் சட்டம், கைவிட்டுப் போனவருக்கும் ஒரு வரி எழுத வேண்டும்.