துலாவும் குழாயும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஆறு கிடையாது. மாரி ஓய்ந்த சில மாதங்களிலே குளங்களும் வற்றிவிடும். ஆகையால் சுண்ணாம்புக்கற் படுகையைக் குடைந்து வெட்டிய கிணறுகளே அவ்வூர்ச் செம்மண் தோட்டங்களுக்கு ஜீவாதாரமாய் இருந்துவந்தன.

அக்கிணறுகளின் பழைய இறைப்புச் சாதனம் துலா. ஆடுகால்களின் மேல் அச்சிலே நின்றாடும் நீண்ட பனைமரத் துலாவின்மீது ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றுவாயில் நிற்பவர் துலாக்கொடியைப் பற்றிப் பட்டையை இறக்கி ஏற்றிக் கவிழ்க்க, வாய்க்கால் வழியே ஓடிவரும் நீரை இன்னொருவர் மண்வெட்டியால் மறித்துப் பாத்தி பாத்தியாய் மாற்றிவிடுவார். பட்டை என்பது பனையோலையால் இழைத்த பாத்திரம். இறைக்க இறைக்க நைந்துபோகும். புதிது இழைத்து மாற்றுவதும் அத்தொழிலின் அங்கமே. பின்னர் இரும்பு வாளி வந்தது.

1950களுக்குப் பின் மண்ணெண்ணெயில் ஓடும் பம்ப் பரவியதும், பலருடைய பிரயாசை ஒரு யந்திரத்துள் அடங்கிற்று. துலா மிதித்தவர் இளைப்பாறினார், கிணறுதான் இளைப்பாறவில்லை. உள்நாட்டுப் போரின்போது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையானபோது, யந்திரத்தை நம்பியிருப்பதன் சங்கடம் தோட்டக்காரருக்கு நன்றாகவே விளங்கிற்று.

வாய்க்காலின் இடத்தைப் பிடித்த பிளாஸ்டிக் குழாயும் சிரஞ்சீவியன்று. வெயிலிற் கிடந்து நிறம் மங்கி, விறைத்து, மடிந்த இடத்தில் வெடிக்கிறது. முதலில் ரப்பர் நாடாவால் சுற்றிப் பார்த்து, பிறகு அத்துண்டை அறுத்தெறிந்து புதிது பொருத்துகிறார்கள். பழைய பனையோலையை எருவாக நிலத்திலே தாழ்ப்பது இவ்வூர் வழக்கம். அறுத்த குழாய்த் துண்டோ வேலியோரத்திலேயே கிடக்கிறது.