மேற்படிக் குறி

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி நேயர்கள் நிரம்பக் கேட்டிருப்பீர்கள். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாய் நீண்டு கிடப்பவை அவை. வீடு எத்துணைப் பெரிதாயினும், மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் தனியுரிமையாவது வளவைச் சுற்றியுள்ள அறையே. அவனையும் அவன் மனைவி மக்களையும் சேர்த்து ஒரு 'புள்ளி' என்று கணக்கிடுவர். காரைக்குடியில் அத்தகைய வீடொன்றின் இரண்டாங்கட்டில் அமர்ந்து, 1994ஆம் ஆண்டில், இடம் போதவில்லையே என்று நான் கவலையுற்றதுண்டு. என் கவலை வீட்டைப் பற்றியதன்று; கணிப்பொறியின் வன்தட்டைப் பற்றியது. அதன் கொள்ளளவு 40 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் பத்துப் பதினைந்து நிழற்படங்களுக்கே அது நிரம்பிவிடும். அதில் விண்டோஸ் 3.1 என்னும் இயங்குதளம் மட்டும் ஏறத்தாழ 10 மெகாபைட்டைப் பிடித்துக்கொண்டது.

அவ்வீட்டு ஆச்சியின் மாமனார் பர்மாவில் வட்டிக்கடை நடத்தியவர். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது ஊர் திரும்பிய அவர் கொண்டுவந்தவற்றுள் ஐந்து கணக்கேடுகளும் இருந்தன. அவ்வேடுகளின் அருமையை ஒரு சொல் சொல்ல வேண்டும். கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த விளைநிலம் 1930இல் நூற்றுக்கு 6. 1938இல் நூற்றுக்கு 25. நெல்விலை வீழ்ந்ததனால் கடன் திரும்பவில்லை. ஈடாக வைத்த நிலமே வந்து சேர்ந்தது. அவர்கள் வேண்டியது பணம், பெற்றது வயல். நிலத்தாசை கொண்டு போனவர்கள் என்று அவர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் கூற்று முழுவுண்மையன்று என்பது என் கருத்து. அதனை ஊர் ஊராக, பெயர் பெயராகக் காட்டக்கூடிய சான்று அந்த ஐந்து ஏடுகள். வீடு பாகப்பிரிவினைக்கு வந்திருந்தமையால், அவற்றை விரைந்து படியெடுக்கும் பணியை, வரலாற்று ஆசிரியனாகிய நான் ஏற்றுக்கொண்டேன்.

பழைய தமிழ்க் கணக்கு எழுத்தில் சில குறிகள் உண்டு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. இவற்றுள் என் உள்ளங் கவர்ந்தது ௸ என்னும் மேற்படிக் குறி. ஒருமுறை எழுதிய ஊரையும் பேரையும் மறுபடி எழுதாமல், 'மேலே பார்த்துக்கொள்' என்று சுட்டிவிட்டுக் கணக்கப்பிள்ளை அடுத்த தொகைக்குப் போய்விடுவார். தாளும் மிச்சம், காலமும் மிச்சம். என் கணிப்பொறியிலிருந்த தமிழ் எழுத்துருவில் இக்குறி இல்லை. உலகப் பொதுக் குறியேற்றமாகிய யூனிகோடிலேயே அது 2003இல்தான் இடம்பெற்றது. ஆகவே குறி வந்த இடந்தோறும் 'மேற்படி' என்று முழுச்சொல்லையும் தட்டினேன். வன்தட்டு விரைவில் நிறைந்தது.

அப்போதுதான் ஒரு நண்பர் சுருக்கு மென்பொருளைப் பற்றிச் சொன்னார். வியப்பு என்னவெனில், அதன் அடிப்படையும் மேற்படிக் குறியே. 1977இல் ஆபிரகாம் லெம்பல், யாக்கோப் ஜிவ் என்னும் இசுரேலிய அறிஞர் இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். முன்னே வந்த எழுத்துத் தொடர் மீண்டும் வருமாயின் அதனைத் திரும்ப எழுதாதே. 'இத்தனை எழுத்துப் பின்னே சென்று, அங்கிருந்து இத்தனை எழுத்து எடுத்துக்கொள்' என்று மட்டும் குறித்துவை என்பது அதன் சாரம். நான் விரித்து எழுதிய மேற்படிகளை எல்லாம் பொறி மறுபடியும் மேற்படிக் குறியாக மாற்றிக்கொண்டிருந்தது!

இம்முறையின் வழிவந்ததொன்றைக் கொண்டு, கலிபோர்னியாவில் 1983இல் தோன்றிய ஸ்டாக் எலக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம் 1990இல் 'ஸ்டாக்கர்' என்னும் மென்பொருளை விற்பனைக்குக் கொணர்ந்தது. மைக்ரோசாஃப்ட் அதனைத் தன் இயங்குதளத்தில் சேர்த்துக்கொள்ளப் பேசிற்று; உரிமத்தொகையில் பேச்சு முறிந்தது. 1993 மார்ச்சில் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 6.0 தனக்கென 'டபுள்ஸ்பேஸ்' என்னும் சுருக்குக் கருவியுடன் வந்தது. அதற்கு முன்பே, சனவரியில், ஸ்டாக் வழக்குத் தொடுத்துவிட்டது. 1994 பிப்ரவரியில் நடுவர் குழு 12 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. மைக்ரோசாஃப்டின் தொழில் மறைபொருளை ஸ்டாக்கும் கையாண்டதென்று எதிர்வழக்கில் 1 கோடியே 36 இலட்சம் டாலர் விதித்தது வேறு. டபுள்ஸ்பேஸ் நீக்கப்பட்டது, சில மாதங்களில் வேறு முறையில் அமைந்த 'டிரைவ்ஸ்பேஸ்' வந்தது. வழக்காடியோர் அவ்வாண்டு சூனிலேயே சமாதானமாயினர். மைக்ரோசாஃப்ட் உரிமத்தொகையாக 4 கோடியே 30 இலட்சம் டாலர் தரவும், ஏறத்தாழ 4 கோடி டாலரை ஸ்டாக்கிலேயே முதலிடவும் இசைந்தது. கடன்பட்டவனும் கொடுத்தவனும் பங்காளிகளாகும் காட்சி வட்டிக்கடை ஏடுகளுக்குப் புதிதன்று.

இனி, இக்கருவி வேலை செய்யும் விதம். வன்தட்டிலுள்ள யாவற்றையும் சுருக்கி, மறைவான ஒரே பெருங்கோப்புக்குள் அது அடைத்துவிடும். அந்தக் கோப்பையே முழு வன்தட்டாக நமக்குக் காட்டும். உண்மையான தட்டு வேறோர் எழுத்தைப் பெயராகப் பூண்டு ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸுக்கு வேண்டிய நிலையான இடமாற்றுக் கோப்பு மட்டும் சுருக்கத்துக்கு இணங்காது. அதற்கென்று வெளியே இடம் விடவேண்டும். எழுத்துக் கோப்புகள் நன்றாய்ச் சுருங்கும். முன்பே சுருக்கிய படங்கள் அசையா. ஆகவே 'இவ்வளவு காலியிடம்' என்று திரை காட்டும் எண், இருப்பு அன்று. இனி வருவது பாதியாய்ச் சுருங்கும் என்ற எதிர்பார்ப்பு. வரவேண்டிய வட்டியைக் கையிருப்பில் சேர்த்தெழுதுவது போன்றது அது. எந்தக் கணக்கப்பிள்ளையும் அவ்வாறு செய்யான்.

நான் செய்தேன். ஐந்தாம் ஏட்டின் கடைசிப் பக்கத்தைத் தட்டி முடித்த வாரத்தில் ஆச்சி கேட்டார்: "தம்பி, எல்லாம் பெட்டிக்குள் ஏறிவிட்டதா? அப்படியானால் பழையதைக் கழித்துவிடலாமா?" ஏறிவிட்டதென்றேன். பழந்தாள் வணிகர் வந்து, ஏடுகளை வேறு பல தாள்களோடு நிறுத்து எடுத்துப் போனார். அதன்பின் பத்து நாளும் ஆகவில்லை; ஒரு மாலை, நான் கோப்புகளைச் சீர்செய்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றது. எழுத வேண்டியதை விரைவு கருதிச் சிறிதுநேரம் நினைவகத்தில் நிறுத்திவைக்கும் வழக்கம் பொறிக்கு உண்டென்பதை நான் அறியாதிருந்தேன். மீண்டும் இயக்கியபோது அந்தப் பெருங்கோப்புத் திறக்கவில்லை. தனித்தனிக் கோப்புகளாய் இருந்திருந்தால் ஒன்றிரண்டு போயிருக்கும்; ஒரே பேழையாதலால் அனைத்தும் போயின.

ஒரு மாதம் முன்பு, முதல் இரண்டு ஏடுகளின் படியை மட்டும் நெகிழ்தட்டில் எடுத்து வைத்திருந்தேன். நெகிழ்தட்டுக்குப் போகையில் கோப்பு சுருக்கம் நீங்கி இயல்பான வடிவில் போய்விடும். அதனால் அவை பிழைத்தன. ஆச்சியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. அவர் சினக்கவில்லை. அது எனக்கு இன்னும் கடினமாயிருந்தது.

அண்மையில் அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவி ஒன்று கிடைத்தது. கோப்புகள் திறந்தன, ஆனால் அன்றைய எழுத்துரு என்னிடமில்லை. அக்காலத்தில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தன் மனம்போல் குறியேற்றம் கொண்டிருந்தது. திரை முழுதும் பொருளற்ற இலத்தீன் குறிகள். ஓர் இரவு உற்று நோக்கினேன். வரிக்கு வரி, ஒரே இடத்தில், அதே ஐந்தாறு குறிகள் திரும்பத் திரும்ப வந்தன. அவை நான் சலித்துச் சலித்துத் தட்டிய 'மேற்படி' அல்லாமல் வேறென்ன? அதனைக் கொண்டு மகரமும் பகரமும் கைவந்தன. பின்னர் ஊர்ப்பெயர்களைக் கொண்டு மற்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாய் வந்தன.

ஆச்சி இன்று இல்லை. முதலில் தெளிந்த பக்கத்தை அவருடைய மகளிடம் வாசித்துக் காட்டினேன். நான் 'மேற்படி' என்று படிக்குந்தோறும், அவர் மேல்வரியில் இருந்த பேரை முழுதாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்.