படக்குழாய் வண்ணத் தொலைக்காட்சியும் அதன் பழுதுபார்ப்பும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன் மலையில் உள்ளது கரியாலூர். இங்கிருந்து ஒரு பெட்டியைப் பழுதுபார்க்கக் கொண்டு செல்ல, மலைப்பாதையில் இறங்கிக் கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி போக வேண்டும். ஆகவே, பெட்டியில் என்ன கெட்டிருக்கிறது என்று அறிந்து சொல்பவர் மலையூர்களுக்கு முக்கியமானவர். அந்தத் தொழிலறிவின் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

வரலாறு

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அப்போது படம் கறுப்பு வெள்ளைதான். 1982இல் வண்ணம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் தில்லியில் தொடங்கிய ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வண்ணத்தில் ஒளிபரப்பாயின. ஜெர்மனியின் வால்டர் புரூக் உருவாக்கிய ‘பால்’ முறையை இந்தியா ஏற்றது.

சென்னையில் உருவான டயனோரா, சாலிடேர் போன்ற பெட்டிகள் வசதியுள்ள வீடுகளுக்கு வந்தன. மற்றவர்கள் அண்டை வீட்டிலோ ஊராட்சித் தொலைக்காட்சி அறையிலோ பார்த்தார்கள். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. வண்ணப் பெட்டி இல்லாத குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டி வழங்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியபின் திட்டம் நின்றது. வழங்கிய பெட்டிகள் வீடுகளில் தொடர்ந்து ஓடின. அவற்றை ஓடவைக்கும் பொறுப்பு உள்ளூர் மெக்கானிக்குகளைச் சேர்ந்தது.

பழுது அறியும் முறை

நல்ல மெக்கானிக் பெட்டியைத் திறக்கும் முன் திரையைப் பார்ப்பார். திரையின் நடுவில் ஒரே ஒரு கிடைக்கோடு மட்டும் தெரிந்தால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதி வேலை செய்யவில்லை. மூலைகளில் நிறத்திட்டுகள் படிந்தால், குழாயின் காந்தத்தை நீக்கும் சுருளையோ அதனுடன் இணைந்த தெர்மிஸ்டரையோ பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒன்று மட்டும் மறைந்தால், குழாயின் கழுத்தில் செருகியுள்ள சிறிய பலகையில் தேட வேண்டும்.

பெட்டி உயிரற்றுக் கிடந்தால், முதலில் ஃபியூஸும் மின்வழங்கிப் பகுதியும். புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி எரிந்துபோகாமல் இருக்க, மின்பாதையில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைப்பார்கள். பல்பு முழு ஒளியில் நிலைத்து எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

அடிக்கடி கெடும் பகுதி எது என்பதை ஒரு கணக்கே காட்டும். ‘பால்’ முறையில் நொடிக்கு 25 படங்கள். ஒரு படத்துக்கு 625 வரிகள். பெருக்கினால் 15,625. நொடிக்கு அத்தனை முறை இயங்கும் டிரான்சிஸ்டரும், ‘இ.எச்.டி.’ எனப்படும் உயர் மின்னழுத்த மாற்றியும் ஓயாது சூடேறுகின்றன. அந்தச் சூட்டில் ஈயப் பற்றுகள் விரிசல் விடும். அந்த இடத்தில் மறுபடி பற்றுவைத்தாலே பல பெட்டிகள் உயிர்பெறும்.

ஆபத்து

படக்குழாய்க்கு ஏறத்தாழ 20,000 வோல்ட் தேவை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் குழாயில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர் பின்மூடியைக் கழற்றக் கூடாது.

இன்றைய நிலை

எல்.இ.டி. பெட்டியில் திரை உடைந்தால், அதை மாற்றும் செலவு புதுப்பெட்டியின் விலையை நெருங்கிவிடும். மற்றவற்றில் பெரும்பாலும் பலகையையே மாற்றுகிறார்கள். ஒரு சிறு உறுப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கம் குறைந்துவருகிறது. ஏ.வி. இணைப்பு உள்ள பழைய பெட்டியை செட்டாப் பாக்ஸுடன் இன்றும் பார்க்கலாம். இனிப் பயன்படாது என்றால், செம்புக்காக அதை உடைக்கக் கூடாது. வெற்றிடமான குழாய் வெடித்துச் சிதறும். அதன் கண்ணாடியில் உள்ள ஈயம் மண்ணையும் நீரையும் கெடுக்கும். மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் முழுதாக ஒப்படைப்பதே முறை.