கலம்காரியின் கருமை

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி ஓவியர் இரு மூங்கில் எழுதுகோல்களைக் கையாள்வர்: கோடு இழுக்கக் கூர்முனை, நிறம் நிரப்ப மழுங்குமுனை. முனைக்கு மேல் சுற்றிய துணி மையைத் தேக்கி, விரலழுத்தத்துக்கேற்ப விடுகிறது.

1970களில் ஹியூலெட்-பேக்கர்டு வகுத்த எச்பி-ஜிஎல் கட்டளைமொழியும் வரைவு இயந்திரத்துக்குப் பேனாவைத் தேர்ந்தெடு, இறக்கு, உயர்த்து என்றே ஆணையிட்டது. ஆயினும் மைக்கும் தாளுக்கும் உள்ள பொருத்தத்தை மனிதரே அறிய வேண்டியிருந்தது.

கலம்காரியில் அப்பொருத்தமே மையை ஆக்குகிறது. இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் பல நாள் ஊறவைத்த கரைசல், கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டதும் கருக்கிறது. கடுக்காயோடு சேர்த்த பால் அது பரவாமல் காக்கிறது.

இரும்பு மிகுந்தாலோ அக்கருமையே காலப்போக்கில் இழையை அரிக்கும். உருவங்களுக்கு வரம்பிட்ட கோடே முதலில் சிதையக்கூடும். எனவே பழந்துணியை ஆராய்வோர்க்கு ஓவியம் மட்டுமன்று, மையின் சேர்மானமும் வரலாற்றுச் சான்றாகும்.