மானிப்பாய் வைத்தியக் கல்வி: மொழியும் பதவியும்

மருத்துவ வரலாறு எழுதுவோர் பேரறிஞர் கண்ட மருந்துகளையும் பெருநகரங்களில் எழுந்த வைத்தியசாலைகளையும் விரித்துரைப்பர். புண்ணைக் கழுவிக் கட்டுக் கட்டுவோர், மருந்து கலந்து கொடுப்போர், அம்மைப்பால் குத்துவோர், நோயாளியின் அருகிருந்து இராப்பொழுதைக் கழிப்போர் ஆகியோர் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. ஆயின் மேனாட்டு மருத்துவம் ஒரு நாட்டின் கடைக்கோடிக் கிராமத்தைச் சென்றடைந்ததா என்னும் வினாவுக்கு விடையாக நிற்போர் இவர்களே. இவர்களை எம்மொழியிற் பயிற்றுவது, பயிற்றியபின் எப்பதவியில் அமர்த்துவது என்னும் இரு வினாக்களும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் எழுந்தன. அவற்றிற்கு ஆங்குக் காணப்பட்ட விடையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய பயிற்சி முதலிற் படையின் தேவையால் உண்டாயிற்று. கும்பினியார் ஆட்சியிலே படைகள் பெருகியபோது, இங்கிலாந்திலிருந்து வந்த சத்திரவைத்தியர் சிலரே அனைவரையும் பார்க்க இயலவில்லை. அவர்களுக்குத் துணைநிற்கும் அப்போதிக்கரிமாரையும் சுதேச உதவியாளரையும் பயிற்றுதற்பொருட்டு 1835 ஆம் ஆண்டு சென்னையில் ஒரு வைத்தியப் பாடசாலை தொடங்கப்பட்டது. 1850 ஆம் ஆண்டு கல்லூரி எனப் பெயர்பெற்ற சென்னை மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் இதுவே. தலைமை வைத்தியரை ஆக்குதற்கன்றி, அவருக்குத் துணைவரை ஆக்குதற்கே அது தோன்றியது என்பது கருதத்தக்கது. அங்கே கல்வி ஆங்கிலத்தில் நடந்தது.

யாழ்ப்பாணத்திலோ படைத்தேவை இல்லை; அமெரிக்க மிஷனாரே இக்கல்விக்கு வித்திட்டனர். 1820 ஆம் ஆண்டளவில் டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே வைத்தியப்பணி தொடங்கினார். அவருக்குப்பின் டாக்டர் நேதன் வார்ட் அப்பணியைத் தொடர்ந்தார். 1847 ஆம் ஆண்டு வந்துசேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே பயிற்சியை ஒழுங்குபட்ட கல்வியாக்கினார். வட்டுக்கோட்டையில் தொடங்கிய அவர், 1848 இல் மானிப்பாயை நிலையமாகக் கொண்டார். மாணாக்கர் காலையிலே நோயாளரைப் பார்க்கும்போது உடனின்றும், மருந்து கலந்தும், கட்டுக் கட்டியும், பின்னர் நூல்களைப் படித்தும் கற்றனர். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்ற இளைஞர் பலர் கிடைத்தமையால் முதற்பகுதியிற் கல்விமொழி ஆங்கிலமாகவே இருந்தது.

இதன் பயனும் குறையும் ஒருங்கே வெளிப்பட்டன. 1850 ஆம் ஆண்டு அரசாங்க ஏஜென்டாயிருந்த டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாணப் பட்டினத்தில் வைத்தியசாலை தோன்றியது. நாடெங்கும் அரசாங்க வைத்தியப்பகுதியும் விரிந்தது. ஆங்கிலத்திற் கற்ற இளைஞருக்கு உத்தியோகம் எளிதிற் கிடைத்தது. கிடைக்கவே அவர்கள் ஊரை விட்டு அகன்றனர். கிராமத்து நோயாளிக்கோ முன்போலப் பரியாரியாரே துணையாயினர். எவருக்காகப் பயிற்சி தொடங்கப்பட்டதோ அவரை அது சென்றடையவில்லை.

விடுமுறையில் தாயகஞ் சென்று 1862 இல் மீண்ட கிறீன், 1864 ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் துணிந்தார். தமிழிற் கற்றவர் ஊரிலேயே தங்குவர், ஊராருக்கு விளங்கப் பேசுவர், தம் உடையையும் ஒழுக்கத்தையும் கைவிடார் என்பது அவர் கருத்து. மிஷன் ஊழியத்தில் அவர் பயிற்றிய வைத்தியர் 60 க்கு மேற்பட்டோர்.

தமிழிற் கற்பித்தற்குத் தமிழில் நூல் வேண்டும். மாணாக்கர் துணையோடு கிறீன் வெளிப்படுத்திய நூல்கள் நான்காயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை. 'இரண வைத்தியம்' 1867 இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' என்பன 1872 இலும், 'கெமிஸ்தம்' 1875 இலும், 'மனுஷ சுகரணம்' 1883 இலும் அச்சேறின. இப்பெயர்களே அவர் கையாண்ட கலைச்சொல் நெறியைக் காட்டும். நாட்டில் வழங்கிய சொல்லும், வடமொழிச் சொல்லும், அவை பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவமும் எடுத்தாளப்பட்டன. இன்று இவற்றுட் பல நமக்குப் புதுமையாய்த் தோன்றலாம். ஆயின் மாணாக்கன் நோயாளியின் கட்டிலருகே நின்று பயன்படுத்துதற்கென ஆக்கப்பட்டவை அவை என்பதை மறத்தலாகாது.

ஈண்டு ஓர் ஒப்புமை நோக்கற்பாலது. கிறீன் பிறந்த 1822 ஆம் ஆண்டிலேயே ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் மானிப்பாயில் அமர்ந்த 1848 ஆம் ஆண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஒருவர் கிறித்துவத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் அதனை எதிர்த்துச் சைவத்தை நிலைநாட்ட எழுந்தவர். வைத்தியம் கிறீனுக்கு மதப்பணியின் கருவியாகவும் இருந்தது என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையன்று. எனினும், கல்வி ஊராரின் மொழியில் அமைதல் வேண்டும், அதற்கு உரைநடை நூலும் அச்சும் வேண்டும் என்பதில் இருவரும் ஒரே நெறி நின்றனர்.

அங்ஙனமாயின் அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? 1870 ஆம் ஆண்டு கொழும்பிலே அரசாங்க வைத்தியப் பாடசாலை 25 மாணாக்கரோடு ஆங்கிலத்தில் தொடங்கியது. அதன் முதலதிபர் டாக்டர் ஜேம்ஸ் லூஸ். இனி உத்தியோகமும் மதிப்பும் உயர்கல்வியும் அவ்வழியே செல்வனவாயின. தமிழிற் கற்றவன் ஊரிலே தங்கினான். ஆனால் அவன் மேலேற விரும்பினும் அதற்குப் படி இருக்கவில்லை. 1873 இல் கிறீன் நாடு திரும்பினார். அங்கிருந்தும் 1884 இல் இறக்குமளவும் தமிழ் நூற்பணி செய்தார். ஆயினும் தமிழ்வழிக் கல்வி அவருக்குப்பின் நெடிது நிற்கவில்லை. ஒருவரது ஊக்கத்தையே தூணாகக் கொண்ட கட்டடம் அத்தூண் பெயர்ந்தபின் நில்லாமை இயல்பே.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. மருந்தை எவ்வளவிற் கொடுப்பது, கட்டை எப்போது மாற்றுவது என்பன நோயாளிக்கு விளங்கும் மொழியிலே சொல்லப்படாவிடின் மருத்துவம் முற்றுப்பெறாது. ஆகவே துணைவைத்தியர் கல்வியிலே தாய்மொழிக்கு இடமுண்டு. அதேவேளை, ஊருக்கு உழைப்பவன் ஊரிலேயே கட்டுண்டு கிடக்கவேண்டும் என்று அவனது மொழியை வேலியாக்குதலும் நீதியாகாது. கிறீன் முதலாவதை நன்கு கண்டார். இரண்டாவதற்கு வழிசெய்ய அவரால் இயலவில்லை.

1978 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் உளது. நம் மாணவருள் அதனுட் புகுவோர் சிலரே. தாதியராகவும், மருந்து கலப்போராகவும், ஆய்வுகூட உதவியாளராகவும் செல்வோர் அவரினும் பலர். அவர்களது தொழிலைத் தவறிய தேர்வின் எஞ்சிய பயனாக எண்ணும் வழக்கம் நம்மிடையே நிலவுகின்றது. மானிப்பாயிலே தமிழில் நாடி பார்க்கக் கற்ற இளைஞரின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றுமாயின் அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.