இலைசோசோமின் இடமும் வாய்ப்புற்றுநோயின் ஊடுருவலும்

இலங்கையின் கிழக்குக் கரையில் சாகாமத்து வயற்காரரிடமும் கல்முனைக் கடைத்தெருவிலும் வெற்றிலை வட்டா இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதிலுள்ள பாக்கைப் புகையிலை சேராத நிலையிலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட தொகுதி வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோயே. ஆயினும் வெற்றிலை நோயைத் தொடக்குவது எப்படி என்பது ஒரு கேள்வி; தொடங்கிய நோய் கன்னத்தின் உள்ளே எப்படி இறங்குகிறது என்பது வேறு கேள்வி. நோயாளியின் ஆயுள் பெரிதும் இரண்டாவதையே பொறுத்தது. 2018 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க நிலைப்படுத்தல் முறையின் எட்டாம் பதிப்பு, கட்டியின் அகலத்தோடு அது இறங்கிய ஆழத்தையும் கணக்கில் எடுத்து, 5 மில்லிமீற்றரையும் 10 மில்லிமீற்றரையும் எல்லைகளாக வைத்தது. இந்த மில்லிமீற்றர்களைத் தீர்மானிப்பதில், கலத்தில் எவ்வளவு சமிபாட்டு நொதியம் உண்டு என்பதை விட, அந்நொதியத்தைச் சுமக்கும் இலைசோசோம் கலத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்பதே முக்கியமானது என்பது என் வாதம்.

கிறிஸ்டியன் டி டுவ் 1955 இல் இலைசோசோமுக்குப் பெயரிட்டபோது அது கழிவைச் செரிக்கும் பையாகவே கருதப்பட்டது. அது நகரும் புன்னங்கம் என்பது பின்னர் தெளிவானது. நுண்புன்குழாய்களின் மீது டைனீன் என்னும் இயக்கிப் புரதம் அதைக் கருவை நோக்கி இழுக்கிறது. கினெசின் என்னும் மற்றோர் இயக்கிப் புரதம் விளிம்பை நோக்கித் தள்ளுகிறது. எட்டுப் புரதங்களாலான போர்க் என்னும் தொகுதி, ஆர்ல்8 என்ற சிறு புரதத்தை இலைசோசோமின் மேற்பரப்பில் அமர்த்துகிறது. அதன் வழியாகவே கினெசின் வந்து பிணைகிறது. போர்க் குலைக்கப்பட்ட கலங்களில் இலைசோசோம்கள் கருவருகே குவிந்தன, கலங்கள் பரவுவதும் நகர்வதும் குறைந்தன என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் போனிஃபாசினோ குழு 2015 இல் காட்டியது. நொதியங்களை நேரடியாகத் தொடாமல், அவற்றின் பையை இடம் மாற்றியதே இங்கு நடந்தது.

இலைசோசோமை விளிம்புக்கு அனுப்பும் தூண்டல்களுள் வலியது புறச்சூழலின் அமிலத்தன்மை. பொனி ஸ்லோனின் குழு 1994 இல், சற்று அமிலமான ஊடகத்தில் வைத்த புற்றுக்கலங்களில், இலைசோசோம் நொதியமான கதெப்சின் பி கொண்ட சிறுபைகள் மேற்பரப்பை நோக்கிப் பெயர்வதையும் அந்நொதியம் கூடுதலாகச் சுரக்கப்படுவதையும் கண்டது. சோடியத்தை உள்ளெடுத்து ஐதரசன் அயனை வெளியேற்றும் மாற்றிகளைத் தடுத்தால் அப்பெயர்வு நிற்பதை லூசியானாவில் ஸ்டெஃபனும் கார்டெல்லியும் முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுக்கலங்களில் காட்டினர். இங்கே நம் கரையைச் சார்ந்த ஓர் ஆட்சேபம் எழும்: சுண்ணாம்பு கடுங்காரம்; அதை நாள்தோறும் அடக்கிவைக்கும் கன்னத்தில் அமிலத்துக்கு என்ன இடம்? கேள்வி நியாயமானது, ஆனால் அது இரண்டு இடங்களை ஒன்றாகக் கொள்கிறது. சுண்ணாம்பு தொடுவது மேலணியின் மேற்பரப்பை. ஊடுருவல் நடப்பதோ அடித்தள மென்சவ்வுக்குக் கீழே. அங்கே குளுக்கோசைப் பெருமளவில் இலத்திரிக்கமிலமாக மாற்றும் புற்றுக்கலங்கள் ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகின்றன; இரத்தத்தின் பிஎச் 7.4 ஆக இருக்கையில் கட்டிக்குள் அது 7 இற்கும் கீழே இறங்குகிறது. பாக்கு மெல்வோரின் கன்னத்தில் இன்னொன்றும் உண்டு. நாரிழையம் தடித்து, வாய் திறக்க முடியாதபடி இறுகும் நிலை பலரிடம் புற்றுக்கு முன்பே வந்துவிடுகிறது. கொலாஜன் இப்படிச் செறிந்த இழையத்தில் வழி வெட்டாமல் கலம் முன்னேறுவது கடினம். ஆகவே வெட்டும் கருவி விளிம்புக்கு வருவது வேறெந்த இடத்தையும் விட இங்கே கூடுதலாகத் தேவைப்படும் என்று கருதுகிறேன்.

கொலாஜனைச் சிதைப்பது முக்கியமாக உலோகப்புரோத்தியேசு நொதியங்களே, கதெப்சின்கள் துணைக்கு மட்டுமே என்று மறுப்போர் உண்டு. ஆனால் அவற்றுள் தலையாயதான எம்டி1-எம்எம்பி, பிந்திய எண்டோசோம்களிலும் இலைசோசோம்களிலும் தங்கி, வாம்ப்7 என்ற புரதத்தின் உதவியால் முதலுருமென்சவ்வை அடைகிறது என்று பாரிசின் கியூரி நிறுவனம் 2008 இல் காட்டியது. இரு வகை நொதியங்களும் ஒரே போக்குவரத்தையே நம்பியிருக்கின்றன. உலோகப்புரோத்தியேசுகளைத் தடுக்கும் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள் நோயாளிகளிடம் தோற்றதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஒரு நொதியக் குடும்பத்தை அடைத்தால் மற்றொன்று வழிவிடும் என்பதும் அவற்றுள் ஒன்றாகலாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் வளர்ச்சி பற்றியது. இலைசோசோம் விளிம்பில் நிற்கையில் எம்டோர் தொகுதி ஊக்கம் பெற்றுக் கலம் வளர்கிறது என்று கேம்பிரிட்ஜில் ரூபின்ஸ்டைன் குழு 2011 இல் காட்டியது. அப்படியானால் நாம் ஊடுருவல் என்று எண்ணுவது வளர்ச்சியின் நிழல்தானா? ஆர்ல்8 இன் ஒரு வடிவமான ஆர்ல்8பி குறைக்கப்பட்ட முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுக்கலங்கள் எலியில் கட்டியாகவே வளரவில்லை என்ற 2016 ஆம் ஆண்டு முடிவைப் பலர் ஊடுருவலுக்குச் சான்றாக எடுப்பர். நான் எடுக்கமாட்டேன். கொழுப்பைச் சிதைத்து எரிபொருளாக்கும் திறன் குறைந்ததே அதற்குக் காரணமாகலாம் என்று அவ்வாய்வாளர்களே எழுதினர். என் வாதம் தங்குவது அதே ஆய்வின் மற்றொரு பகுதியில்: முப்பரிமாண வளர்ப்பில் அக்கலங்களைச் சூழ்ந்த புரத வலையாகிய தாயம் சிதைவது குறைந்தது, அவை வெளியே நீண்டு ஊடுருவுவதும் குறைந்தது. தாயம் சிதைவதை வளர்ச்சியின் பெயரால் விளக்கிவிட முடியாது.

ஆர்ல்8பியைத் தடுக்கும் மருந்தே போதும் என்ற அவசரத்தை மொகாலியிலிருந்து வந்த ஆய்வு தடுக்கிறது. அங்குள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் மஹக் ஷர்மாவின் குழு, ருஃபி3 என்ற புரதத்தின் வழியாக ஆர்ல்8பி டைனீனோடும் இணைந்து இலைசோசோமை உள்நோக்கி இழுக்கிறது என்று 2022 இல் நிறுவியது. ஒரே புரதம் இரு திசைக்கும் உதவுகிறது. அளக்கவேண்டியது அதன் அளவு அல்ல, இரு இழுவைகளுக்கிடையிலான சமநிலை. இன்னொரு வரம்பும் உண்டு: மேற்கூறிய சான்றுகளில் பெரும்பகுதி முன்னிற்குஞ்சுரப்பி, மார்பகம் முதலான பிற உறுப்புகளின் கலங்களிலிருந்து வந்தது. கன்னத்தின் மேலணிக்கு அதை நீட்டுவது ஊகமே. ஆனால் சோதிக்கக்கூடிய ஊகம். அறுவையில் அகற்றிய வாய்க்கட்டிகளைப் பரிசோதிக்கும் எந்த நோயியல் கூடமும், பேராதனைப் பல் மருத்துவ பீடம் உட்பட, ஊடுருவும் முனையின் வெட்டுத்துண்டில் இலைசோசோம் மென்சவ்வுப் புரதமான லாம்ப்1 இற்குச் சாயமேற்றி, கருவிலிருந்து இலைசோசோம்கள் நிற்கும் தூரத்தை அளக்கலாம். அதை அதே கட்டியின் ஆழத்தோடும், நார் இறுகிய கன்னமா இல்லையா என்பதோடும் ஒப்பிடலாம். கட்டியின் நடுப்பகுதியிலும் முனையிலும் அத்தூரம் ஒன்றாகவே இருந்தால் இக்கட்டுரையின் வாதம் வாய்ப்புற்றுக்குப் பொருந்தாது.